பின் சீட்டுக்கு மட்டும் தெரிஞ்ச பெட்ரோல் வாடை

முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல, என் பொண்ணு. பின்னாடி உக்காந்துகிட்டு "அப்பா, கார்ல பெட்ரோல் வாடை அடிக்குது, தல வலிக்குது"ன்னா. நான் முன்னாடி உக்காந்தபடியே ரெண்டு தடவ மூக்க உறிஞ்சி பாத்துட்டு, இப்பதானடா பெட்ரோல் போட்டோம், கையில கொஞ்சம் பட்டிருக்கும்னு சொல்லி கண்ணாடிய இறக்கி விட்டுட்டு ஓட்டிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு திரும்பவும் அதே புகார். அதுக்கும் ஒரு சாக்கு வச்சிருந்தேன், முன்னாடி போற லாரியில இருந்து வருதுன்னு. லாரி டீசல்ல ஓடும்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மூணாவது தடவ மனைவி பின்னாடி உக்காந்து வந்தாங்க. பாதி வழியில "ஏங்க, இது அவ சும்மா சொல்றது இல்ல, வண்டிய ஓரங்கட்டிட்டு நீங்களே பின்னாடி வந்து உக்காந்து பாருங்க"ன்னாங்க. போய் உக்காந்து கதவ சாத்தி ஒரு நிமிஷம் இருந்தேன். குப்புன்னு அடிச்சுது. இத்தன நாள் இந்த புள்ளைய இதுக்குள்ள உக்கார வச்சா கூட்டிட்டு போனோம்னு ஒரு மாதிரி ஆயிருச்சு. பெட்ரோல் ஆவியில பென்சீன் இருக்கு, அது புற்றுநோய் வரவைக்கற பொருள்னு எல்லாருமே படிச்சிருப்போம், ஆனா நம்ம கார்னு வரும்போது மட்டும் கண்ணாடிய இறக்கினா போதும்னு தோணுது பாருங்க.

மூக்க பத்தி ஒரு விஷயம் சொல்லிட்டு மேல போறேன். ஒரு வாடைக்குள்ள தொடர்ந்து கொஞ்ச நேரம் இருந்தா மூக்கு மரத்துடும், அந்த வாடை இருக்கறதே தெரியாது. தினமும் ஓட்டற ஆள் தான் அந்த வண்டியில மோந்து பாக்க லாயக்கே இல்லாத ஆள். வெளிய பத்து நிமிஷம் நல்ல காத்துல நின்னுட்டு வந்து கதவ திறந்ததும் வர்ற முதல் மூச்சு மட்டும் தான் கணக்கு, அதுக்கு மேல மோந்து மோந்து பாக்கறது எல்லாம் வீண். இல்லன்னா வேற யாரையாவது கூப்பிட்டு மோந்து பாக்க சொல்லணும்.

வழக்கமா விடற ஒர்க்‌ஷாப்ல கொண்டு போய் விட்டேன். அன்னிக்கு டேங்க்ல பாதிக்கும் கீழ தான் பெட்ரோல் இருந்துச்சு, இது பின்னால முக்கியமா வரும், ஞாபகம் வச்சுக்கோங்க. ஸ்கேனர சொருகி பாத்தாங்க, "சார் எரர் கோடு ஒண்ணுமே இல்ல, வண்டி க்ளீனா இருக்கு"ன்னாங்க. பானட்ட திறந்து ஒருத்தர் மோந்து பாத்தாரு, இன்னொருத்தர் கீழ குனிஞ்சு பாத்தாரு, சொட்டு ஒண்ணும் இல்ல. கிளம்பும்போது டேஷ்போர்டுல ஒரு வாசனை டப்பா வச்சுக்கோங்கன்னு அட்வைஸ் வேற. வச்சேன், ஏன் பொய் சொல்லணும். பெட்ரோலும் எலுமிச்சையும் கலந்து ஒரு வாடை வந்துச்சு, அது முன்னாடி இருந்தத விட மோசம்.

கோடு இல்லன்னா லீக் இல்லன்னு அர்த்தம் கிடையாதுன்னு எனக்கு அப்புறமா தான் புரிஞ்சுது. டேங்க்ல இருந்து வர்ற ஆவி வெளிய போகாம பிடிச்சு வைக்கறதுக்கு ஒரு தனி சிஸ்டம் இருக்கு, ஈவாப்னு சொல்வாங்க. சில நாட்டு சட்டத்துக்காக செஞ்ச கார்கள்ல அந்த சிஸ்டத்துல ஓட்டை இருக்கான்னு கம்ப்யூட்டரே அப்பப்போ டெஸ்ட் பண்ணி பாக்கும், பெரிய ஓட்டைன்னா பி0455, 1 மில்லிமீட்டர் அளவு ஓட்டைன்னா பி0442, அரை மில்லிமீட்டர் அளவுன்னா பி0456னு கோடு போடும். ஆனா எல்லா கார்லயும் இந்த டெஸ்ட் இருக்காது. என் கார்ல இல்ல. இல்லாத டெஸ்ட்டுக்கு கோடு எங்க இருந்து வரும். அதுவும் இல்லாம சொட்டறது பெட்ரோல், எண்ணெய் இல்ல, சூடான எடத்துல சொட்டினா கீழ விழறதுக்குள்ள ஆவியாயிடும், தரையில கறை தேடி ஒண்ணும் கிடைக்காது.

இந்த எடத்துல பயத்த பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா நானே ஆரம்பத்துல கொஞ்சம் அசட்டையா தான் இருந்தேன். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்ல கூட பத்திக்கற அளவுக்கு ஆவி விடும். காத்துல அந்த ஆவி சுமாரா 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தா ஒரு பொறி போதும். அந்த ஆவி காத்த விட மூணு நாலு மடங்கு கனம், அதனால மேல போய் கலைஞ்சு போகாது, தரையோட தரையா ஊர்ந்து பள்ளத்துல போய் தேங்கும். நம்ம மூக்கு ரொம்ப கூர்மை, பத்திக்கற அளவுக்கு பல ஆயிரம் மடங்கு கம்மியா இருக்கும்போதே கண்டுபிடிச்சுடும், அதனால லேசா வாடை வந்த உடனே வெடிச்சுடும்னு அலற வேண்டியதில்ல. ஆனா திரவமா சொட்டறத கண்ணால பாத்துட்டா அதோட கத முடிஞ்சுது, சாவிய திருப்பாதீங்க, தள்ளி வெளிய நிறுத்திட்டு டோ வண்டிய கூப்பிடுங்க. "பக்கத்துல தான ஒர்க்‌ஷாப், மெதுவா ஓட்டிட்டு போயிடலாம்"ங்கறது தான் தப்பான முடிவு.

சரி, ஒர்க்‌ஷாப்ல கிடைக்காத விடைய நானே தேட ஆரம்பிச்சேன். மொத ஒரு வாரம் எல்லாரும் பண்ற அதே வேலைய தான் பண்ணேன், அதாவது வாடை எங்க இருந்து வருதுன்னு நாய் மாதிரி வண்டிய சுத்தி சுத்தி மோந்து பாத்தேன். டயர் கிட்ட வர்ற மாதிரி இருக்கும், அப்புறம் டிக்கி கிட்ட வர்ற மாதிரி இருக்கும், காத்து திரும்பினா பானட் கிட்ட. ஆவி ஊர்ந்து போற ஐட்டம், அது தெரியற எடம் வேற, கிளம்பின எடம் வேற. அப்புறம் தான் உறைச்சுது, எங்க வருதுன்னு தேடறத விட்டுட்டு எப்ப வருதுன்னு பாத்தா என்னன்னு. ஒரு சின்ன நோட்டு எடுத்து கார்லயே போட்டேன். வாடை வந்தா ஒரு வரி, வரலைன்னாலும் ஒரு வரி. டேங்க்ல எவ்ளோ இருக்கு, எஞ்சின் ஆறி இருந்துச்சா சூடா இருந்துச்சா, நின்னப்பவா ஓடினப்பவா, யாரு எங்க உக்காந்திருந்தாங்க, ஏசி எந்த மோடுல இருந்துச்சு. அவ்ளோ தான்.

மூணு வாரத்துல அந்த நோட்டு சொன்னது இது: ஃபுல் டேங்க் அடிச்ச அன்னிக்கும் மறுநாளும் வாடை பிச்சுக்கிட்டு போகுது, முள்ளு முக்காலுக்கு கீழ இறங்கினதும் சுத்தமா இல்ல. எஞ்சின் சூடுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நிக்கறத விட ஓடும்போது ஜாஸ்தி, அதுலயும் வளைவு, பிரேக் எல்லாம் நெறைய இருக்கற ரோட்டுல ரொம்ப ஜாஸ்தி. பின் சீட்டுல தான். இப்போ ஒர்க்‌ஷாப்ல ஏன் ஒண்ணும் கிடைக்கலைன்னு புரியுதா, நான் காலி டேங்கோட போய் நின்னிருக்கேன், அவங்க மேலயும் முழு தப்பு சொல்ல முடியாது.

அப்புறம் ஏசி வச்சு ஒரு டெஸ்ட் பண்ணேன், காசு செலவில்லாத டெஸ்ட், எனக்கு ரொம்ப பிடிச்சதும் இது தான். ஏசியில வெளிக்காத்து எடுக்கற மோடு ஒண்ணு, உள்ள இருக்கற காத்தையே சுத்தி விடற மோடு ஒண்ணு இருக்கும்ல. வெளிக்காத்து வர்ற வாய் முன் கண்ணாடிக்கு கீழ, பானட் முடியற எடத்துல இருக்கும். எஞ்சின் பக்கம் எங்கயாவது லீக் இருந்தா அந்த ஆவிய இந்த வாய் தான் உறிஞ்சி உள்ள தள்ளும், அப்போ வெளிக்காத்து மோடுல வாடை ஏறும், உள்சுத்து மோடுல குறையும். எனக்கு நேர் தலைகீழா நடந்துச்சு. உள்சுத்து மோடுல பத்து நிமிஷம் ஓட்டினா தாங்க முடியல, வெளிக்காத்து மோடுக்கு மாத்தினதும் குறையுது. அப்போ ஆவி பின்னாடி எங்கயோ இருந்து நேரா கேபினுக்குள்ளயே வருது, வெளிக்காத்து வந்து அத கலைச்சு விடுதுன்னு அர்த்தம்.

இவ்ளோ தெளிவா தெரிஞ்சும் நான் நேரா பின்னாடி போகல. எஞ்சின் பக்கம் ஒரு தடவ முழுசா பாத்து கழிச்சு விட்டுடலாம்னு நெனச்சேன், அதுல தப்பும் இல்ல. எஞ்சின் பக்கம் பாக்க நல்ல நேரம் காலையில வண்டி முழுசா ஆறி கிடக்கும்போது தான், சூடா இருந்தா கசியறது உடனே காஞ்சுடும். சாவிய ஆன்ல மட்டும் வச்சா ஸ்டார்ட் பண்ணாமயே பம்ப் ரெண்டு மூணு செகண்ட் ஓடி லைன்ல பிரஷர் ஏத்தும், பின் சீட்டு பக்கம் காத வச்சா ஙொய்ங்னு ஒரு சத்தம் கேக்கும். அப்படி ரெண்டு மூணு தடவ ஆன் ஆஃப் பண்ணிட்டு, வெள்ள டிஷ்யூ பேப்பர எடுத்து எஞ்சினுக்குள்ள பெட்ரோல தெளிக்கற ஒவ்வொரு இன்ஜெக்டர் அடியிலயும், ஹோஸ் சேர்ற எடத்துலயும் ஒத்தி ஒத்தி மோந்து பாத்தேன். காஞ்ச தூசியில எங்கயாவது ஈரமா, இல்லன்னா தூசியே இல்லாம கழுவி விட்ட மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா அங்க சந்தேகப்படணும். சாதாரண இன்ஜெக்‌ஷன் வண்டியில இந்த லைன்ல 3, 4 பார் பிரஷர் இருக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டின்னா எஞ்சின் மேல இருக்கற பைப்புல 200 பாரும் அதுக்கு மேலயும் போகும், அது தோலையே கிழிச்சு உள்ள போற பிரஷர், அந்த பக்கம் கைய கொண்டு போகாதீங்க.

எனக்கு அங்க எல்லாமே காஞ்சு தான் இருந்துச்சு. எஞ்சின் ஆயில் ஸ்டிக்க உருவி மோந்து பாத்தேன், அதுலயும் பெட்ரோல் இல்ல. இன்ஜெக்டர் ஏதாவது மூடாம ஒழுகினா பெட்ரோல் சிலிண்டர் வழியா இறங்கி ஆயில்ல கலந்து ஆயில் லெவலே ஏறும், ஆயில் தானா ஏறுதுன்னா சந்தோஷப்படாதீங்க. நண்பர் ஒருத்தர் வண்டியில காலையில ஸ்டார்ட் பண்ணின முதல் அஞ்சு நிமிஷம் மட்டும் வாடை, அப்புறம் நாள் பூரா இல்ல. அது இன்ஜெக்டர் ஓ ரிங், அதாவது கசியாம அடைக்கற ரப்பர் வளையம். வருஷக்கணக்கா சூட்டுல கெட்டியாகி, ஆறினதும் சுருங்கி கசியும், எஞ்சின் சூடானதும் விரிஞ்சு அடைச்சுக்கும். இன்னொருத்தருக்கு பெட்ரோல் போட்ட உடனே மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், கூடவே வாடை. அது டேங்க் ஆவிய எஞ்சினுக்குள்ள விடற பர்ஜ் வால்வ் திறந்தபடியே மாட்டிக்கிட்டது, டேங்க் ஆவி மொத்தமும் எஞ்சினுக்குள்ள போய் மூச்சு முட்ட வச்சிருக்கு. இன்னொரு வீட்ல எலி ஹோஸ கடிச்சு வச்சிருந்துச்சு. பாருங்க, ஒவ்வொண்ணுலயும் எப்பங்கறது தான் துப்பு.

அடுத்து கீழ. ஜாக் மட்டும் வச்சு வண்டிக்கு அடியில தலைய விடாதீங்க, ஸ்டாண்டு போட்டு பாருங்க, வெளிச்சத்துக்கு சின்ன எல்இடி டார்ச் வச்சுக்கோங்க, ஒயர் இழுத்து மாட்டற பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், அது கீழ விழுந்து உடஞ்சா உள்ள இருக்கற சூடான கம்பியே போதும். டேங்க்ல இருந்து முன்னாடி போற பைப்பு, ஃபில்டர், கிளிப் போட்ட ஜாயிண்ட்டு, டேங்க் ஒட்டின விளிம்பு எல்லாம் பாத்தேன். துரு இருந்துச்சு, ஈரம் இல்ல.

பெட்ரோல் மூடிய கழட்டி பாத்தா அதோட ரப்பர் வாஷர்ல முடி மாதிரி விரிசல் சுத்தி ஓடுது. ஆஹா கண்டுபிடிச்சுட்டேன்னு குதிச்சேன். புது மூடி வாங்கி போட்டு ஒரு வாரம் வாடையே இல்ல, வீட்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டேன். அப்புறம் நோட்ட பாத்தா அந்த ஒரு வாரமும் டேங்க் பாதிக்கு கீழ. அடுத்த ஃபுல் டேங்க்ல மறுபடியும் குப்புன்னு வந்துச்சு. மூடி கெட்டிருந்தது நெஜம், ஆனா நம்ம திருடன் அது இல்ல. ஒரு வண்டியில ஒரு கோளாறு தான் இருக்கணும்னு எந்த சட்டமும் இல்லையே.

அடுத்த சந்தேகம் என் மேலயே. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்துச்சு, பெட்ரோல் அடிக்கும்போது துப்பாக்கி டக்குனு நின்னதுக்கு அப்புறமும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கழுத்து வரைக்கும் அடிக்க சொல்வேன். அந்த டக்கு எப்படி வருதுன்னு தெரியுமா, துப்பாக்கி நுனியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பெட்ரோல் பாயற வேகத்துல அது வழியா காத்த உறிஞ்சிகிட்டே இருக்கும், பெட்ரோல் ஏறி வந்து அந்த ஓட்டைய மூடின உடனே காத்து நின்னு போய் உள்ள இருக்கற டயாஃப்ரம் இழுபட்டு வால்வ மூடிடும், கரண்டும் இல்ல கம்ப்யூட்டரும் இல்ல, ரொம்ப அழகான வேலை. அது நின்னதுக்கு அப்புறம் மேல இருக்கற காலி எடம் சும்மா விட்ட எடம் இல்ல. பெட்ரோல் 10 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 1 சதவீதம் விரியும். 40 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடானா அரை லிட்டருக்கு மேல கூடும், அது எங்க போகும்? ஆவி போற பைப்பு வழியா திரவமாவே கனிஸ்டருக்குள்ள போகும்.

கனிஸ்டர்ங்கறது கரி நெறைஞ்ச ஒரு டப்பா. ஆக்டிவேட்டட் கார்பன், ஒரு கிராம் கரிக்குள்ள இருக்கற துளைகளோட பரப்ப விரிச்சா ஆயிரம் சதுர மீட்டர் வரைக்கும் வரும்பாங்க. வண்டி நிக்கும்போது டேங்க் ஆவிய இந்த கரி பிடிச்சு வச்சுக்கும், ஓடும்போது பர்ஜ் வால்வ் திறந்து எஞ்சின் அத உறிஞ்சி எரிச்சுடும். 1970ல கலிபோர்னியாவுல தான் இது கட்டாயமா வந்துச்சு, அதுக்கு முன்னாடி டேங்க் ஆவி நேரா வெளிய தான், அதான் பழைய கார்னாலே ஒரு பெட்ரோல் வாடை ஞாபகம் பெரியவங்களுக்கு இருக்கு. ஆவிய பிடிக்கற கரி திரவத்துல நனைஞ்சா அப்புறம் அது வேலைக்கு ஆகாது. என் கனிஸ்டர கழட்டி ஆட்டி பாத்தேன், தளும்பற சத்தம் இல்ல, கரி தூள் கொட்டல. பர்ஜ் வால்வ கழட்டி வாய்க்கு பதிலா ஒரு சின்ன கை பம்ப் வச்சு ஊதி பாத்தேன், கரண்ட் இல்லாதப்போ காத்து போகக்கூடாது, போகல. என் பழக்கம் அந்த பாகத்த கெடுக்கல, ஆனா பின்னால சொல்லப்போற கோளாற வெளிய காட்டினது அந்த பழக்கம் தான்.

இப்போ மிச்சம் இருக்கறது டேங்க்கோட தலை. பெரும்பாலான கார்ல பம்ப் டேங்குக்குள்ள தான் முங்கி இருக்கும், மேல வட்டமா ஒரு தட்டு, தட்டுக்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு பெரிய ஓ ரிங், அத அமுக்கி பிடிக்க ஒரு லாக் ரிங். இந்த தட்டு பல வண்டியில பின் சீட்டுக்கு நேர் கீழ, ஒரு தகர மூடிக்கு அடியில இருக்கும். ஃபுல் டேங்க், வளைவுலயும் பிரேக்குலயும் பெட்ரோல் தளும்பி மேல அடிக்கும், பின் சீட்டு. மூணும் இங்க தான் வந்து சேருது. அப்பதான் இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு, எட்டு மாசம் முன்னாடி பம்ப் போய் வேற ஒரு எடத்துல மாத்தினேன். வாடை ஆரம்பிச்சது எப்பன்னு யோசிச்சா அதுக்கு அப்புறம் தான். நோட்டுல முதல் வரியா எழுத வேண்டியது இது, வண்டிய கடைசியா யாரு எங்க கைய வச்சாங்கன்னு.

சீட்ட எடுக்கறதுக்கு முன்னாடி வண்டிய வெட்டவெளியில நிறுத்தி நாலு கதவையும் அரை மணி நேரம் திறந்து போட்டேன். அப்புறம் பேட்டரியோட நெகட்டிவ் ஒயர கழட்டினேன். வரிசை முக்கியம், பேட்டரி ஒயர் கழட்டும்போதே ஒரு பொறி வரும், அது டேங்க் மூடிய திறந்ததுக்கு அப்புறம் வரக்கூடாது. அதுக்கும் முன்னாடி பம்ப் ஃப்யூஸ உருவிட்டு எஞ்சின தானா அணையற வரைக்கும் ஓட விட்டேன், லைன்ல பிரஷர் இறங்கிடும். பவுடர் வகை தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு கைக்கு எட்டற எடத்துல. முக்கியமா டேங்க் கால்வாசி வர்ற வரைக்கும் ஓட்டி குறைச்சுட்டு தான் இந்த வேலைக்கே வந்தேன். இத படிச்சுட்டு கை நடுங்குதுன்னா நல்ல மெக்கானிக் கிட்ட விடுங்க, ஆனா எந்த எடத்த திறக்கணும்னு நீங்க சொல்லி விடுங்க.

சீட்ட தூக்கி தகர மூடிய பாத்தா நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு தான் இருக்கு, சுத்தி இருக்கற ஃபோம் கிழிஞ்சு தொங்குது. மூடிய எடுத்ததும் அந்த பள்ளத்துக்குள்ள இருந்து வந்த வாடைய நான் சொல்லி புரிய வைக்க முடியாது. தட்ட சுத்தி தூசி எல்லாம் ஈரமா சேறு மாதிரி, ஒரு பக்கம் மட்டும் கறுப்பா ஜவ்வு மாதிரி ஒண்ணு பிதுங்கிட்டு நிக்குது. என்னன்னு பாத்தா சிலிக்கான் கேஸ்கெட் பேஸ்ட். பம்ப் மாத்தினவங்க பழைய ஓ ரிங்கையே திரும்ப போட்டு, அது சரியா உக்காரலைன்னதும் மேல பேஸ்ட்ட அப்பி விட்டுருக்காங்க. சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோல்ல ஊறி உப்பி உரிஞ்சு வந்துடும், அது நிக்கவே நிக்காது.

ஏன் பழைய ரிங்கு உக்காரலைங்கறது எனக்கு சுவாரசியமா இருந்துச்சு. பெட்ரோல் ஆவியிலயே வருஷக்கணக்கா கிடந்த ரப்பர் கொஞ்சம் உப்பி இருக்கும். அதோட குழியில அமுங்கி இருக்கற வரைக்கும் பிரச்சன இல்ல, ஒரு தடவ வெளிய எடுத்துட்டா பெருசாகி திரும்ப அந்த குழியில அடங்காது, ஒரு எடத்துல மடிஞ்சு நசுங்கும். என் ரிங்குல சரியா ஒரு விரல் அகலத்துக்கு நசுங்கி வெட்டு விழுந்திருந்துச்சு. அந்த ஒரு விரல் அகலம் வழியா தான் ஃபுல் டேங்க்ல பெட்ரோல் வெளிய எத்தி, பள்ளத்துல தேங்கி, ஃபோம் இல்லாத மூடி வழியா சீட்டுக்குள்ள போய், என் பொண்ணு மூக்குக்கு போயிருக்கு.

பள்ளத்துல இருந்த சேத்த மொதல்ல வழிச்சு எடுத்தேன், இல்லன்னா லாக் ரிங்க கழட்டினதும் அவ்ளோ மண்ணும் டேங்குக்குள்ள தான் விழும். லாக் ரிங்க கழட்ட பெரிய வட்டமான டூல் ஒண்ணு இருக்கு, அது இல்லாம நெறைய பேர் ஸ்க்ரூ டிரைவர வச்சு சுத்தியால தட்டுவாங்க, இரும்புல இரும்பு தட்டினா பொறி, அதுவும் திறந்த டேங்க் வாயில. நான் டூல் இரவல் வாங்கினேன், கிடைக்கலைன்னா பித்தளை துண்டோ கெட்டி மரக்கட்டையோ வச்சு தட்டணும். புது ரிங்கு வண்டி மாடலுக்கான பார்ட் நம்பர் சொல்லி வாங்கினேன். சைஸ் ஒத்துப்போனா எந்த ரிங்கும் போதும்னு நெனைக்காதீங்க, ரப்பர்ல ஜாதி ஜாதியா இருக்கு, பிரேக் சிஸ்டத்துல வர்ற இபிடிஎம் ரப்பர பெட்ரோல்ல போட்டா ஊறின அப்பளம் மாதிரி ஆயிடும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வைட்டான் வகை ரப்பர் நல்லா தாங்கும். பழைய பேஸ்ட்ட பிளாஸ்டிக் துண்டால சுரண்டி, குழிய துணியால தொடச்சு, ரிங்க முறுக்கில்லாம வச்சு, தட்டுல இருக்கற அம்புக்குறி டேங்க்ல இருக்கற கோட்டுக்கு நேரா வர்ற மாதிரி உக்கார வச்சு, லாக் ரிங்க முறுக்கினேன். பேஸ்ட் ஒரு சொட்டு கூட போடல. மொத்த வேலையும் ரெண்டு மணி நேரம், அதுல ஒரு மணி நேரம் சுரண்டறது தான்.

பேட்டரி மாட்டி, சாவிய அஞ்சாறு தடவ ஆன் பண்ணி, பைப் ஜாயிண்ட்டு எல்லாம் காஞ்சிருக்கான்னு பாத்துட்டு மூடிய மூடல. மூடாம ஃபுல் டேங்க் அடிச்சேன், முதல் டக்குலயே நிறுத்தினேன். தட்ட சுத்தி டிஷ்யூ பேப்பர மடிச்சு வச்சு, வளைவா இருக்கற ரோட்டுல கண்ணாடி எல்லாம் இறக்கி விட்டு தனியா ஒரு சுத்து போயிட்டு வந்து, ராத்திரி பூரா அப்படியே விட்டேன். காலையில பேப்பர் மொறுமொறுன்னு காஞ்சு இருந்துச்சு, வாடையும் இல்ல. அதுக்கப்புறம் தான் புது ஃபோம், நாலு ஸ்க்ரூ, மூடி.

ஆனா கேபின்ல வாடை போகல. ரெண்டு நாள் எனக்கு தூக்கம் இல்ல, திரும்ப திறந்துடலாமான்னு கை பரபரத்துச்சு. அது சீட்டு ஃபோமும் தரை விரிப்பும் எட்டு மாசமா குடிச்சு வச்சிருந்த பெட்ரோல். இத புது லீக்ல இருந்து பிரிச்சு பாக்கறது ஈஸி, பழைய வாடை நாளுக்கு நாள் குறையும், டேங்க் அளவு ஏறினாலும் ஏறாது. விரிப்ப வெளிய எடுத்து சோப்பு தண்ணியில அலசி வெயில்ல போட்டேன், சீட்ட நாலு நாள் வெளிய சாச்சு வச்சேன், உள்ள ஒரு தட்டுல பேக்கிங் சோடா கொட்டி வச்சேன். சோடாவால எவ்ளோ குறைஞ்சுது, காத்தாலயும் வெயிலாலயும் எவ்ளோ குறைஞ்சுதுன்னு கேட்டா என் கணிப்பு சோடாவுக்கு பெரிய பங்கு இல்ல. பத்தாவது நாள் மனைவிய வெளிய நல்ல காத்துல நிக்க வச்சு, கதவ திறந்து முதல் மூச்சு எடுக்க சொன்னேன். "எலுமிச்ச வாடை தான் வருது, அந்த டப்பாவ தூக்கி போடுங்க"ன்னாங்க.

பின் சீட்ட திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப் உடஞ்சு போச்சு, மேடு பள்ளம் வந்தா இப்போ டக்கு டக்குன்னு ஒரு சத்தம். முன் சீட்டுல எனக்கு கேக்கல. பொண்ணு சொன்னா, அடுத்த எடத்துலயே வண்டிய ஓரங்கட்டிட்டு, சாவிய மனைவி கையில குடுத்துட்டு பின்னாடி போய் உக்காந்துட்டேன்.